நஞ்சப்பன் முதல் மாதையன் வரை: பெயர்கள் பற்றி வாசகர் கேள்வி–பதில்

வீட்டில் வழங்கும் பெயர்களுக்குப் பொருள் கேட்டு எழுதலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவையே மிகுதி. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே வாரச்சந்தையில் ஒலிக்கும் மண் அது. அங்கே ஒரு பெயரின் பொருளைத் தேடிப் போனால் இரண்டு மூன்று மொழிகளின் வாசலைத் தட்டவேண்டியிருக்கும். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை விடுத்து ஊரை மட்டும் குறித்துள்ளேன்.

கேள்வி: என் தாத்தாவின் பெயரையே எனக்கும் வைத்தார்கள்: நஞ்சப்பன். கல்லூரியில் நண்பர்கள் 'விஷம்' என்று கூப்பிடுகிறார்கள். பெயரை மாற்றிக்கொள்ள நினைக்கிறேன். பிள்ளைக்கு நஞ்சு என்று யாராவது பெயர் வைப்பார்களா?
— கல்லூரி மாணவர், பாலக்கோடு

பதில்: தம்பி, உங்கள் பெயரில் உள்ள நஞ்சு உங்களைக் குறிப்பதன்று, அது ஒருவர் பிறருக்காகத் தம் தொண்டையில் நிறுத்திக்கொண்ட நஞ்சு. பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த ஆலகாலத்தைச் சிவபெருமான் உண்டு கண்டத்தில் அடக்கினார் என்பது புராணம். அந்தக் கோலத்தில் அவருக்கு நஞ்சுண்டன் என்று பெயர். மைசூருக்குத் தெற்கே கபினி ஆற்றங்கரையில் உள்ள நஞ்சன்கூட்டில் அவர் நஞ்சுண்டேஸ்வரராகவும் ஸ்ரீகண்டேஸ்வரராகவும் வணங்கப்படுகிறார். அந்தக் கோயிலை நம்பியவர்கள் கர்நாடகத்திலும், அதை ஒட்டிய தருமபுரி, கிருஷ்ணகிரி, ஈரோடு, கோவைப் பகுதிகளிலும் தலைமுறை தலைமுறையாக நஞ்சப்பன், நஞ்சையன், நஞ்சுண்டன், நஞ்சம்மாள் என்று பெயரிட்டு வந்திருக்கிறார்கள். நீலகண்டன் என்ற பெயரை எவரும் கேலி செய்வதில்லை. அதன் பொருளும் இதுவேதான். ஒன்று வடமொழி உடுத்தியிருக்கிறது, மற்றொன்று நம் சொல்லை உடுத்தியிருக்கிறது.

இன்னொன்றையும் உங்கள் நண்பர்களுக்குச் சொல்லுங்கள். உங்கள் மாவட்டத்தின் பழம்பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, உண்டவரை நெடுநாள் வாழவைக்கும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்தான். புறநானூற்றின் 91ஆம் பாட்டில் ஔவையார் அவனை வாழ்த்துகிறார். அந்த வாழ்த்து, 'நீலமணி மிடற்று ஒருவன் போல மன்னுக பெரும நீயே' என்று அமைகிறது. நீலமணி போன்ற கழுத்தை உடையவன், அதாவது நஞ்சை உண்டும் சாகாமல் நிலைத்த அந்த ஒருவனைப் போல நீயும் நிலைத்திரு என்பது பொருள். சாவை நீக்கும் கனியைக் கொடுத்தவனுக்கு, சாவைத் தரும் நஞ்சை ஏற்றவனை உவமையாக்கிய அந்த நுட்பத்தை நான் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வியக்கிறேன். தகடூர் மண்ணில் பாடப்பட்ட மிகப் பழைய வாழ்த்துகளுள் ஒன்று, நஞ்சப்பனைப் போல் வாழ்க என்பதாகவே இருக்கிறது. உங்கள் பெயரை மாற்ற வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் பாட்டியின் பெயர் கெம்பம்மாள். 'கெம்பு' என்றால் என்ன? அது தமிழ்ப் பெயரா? எங்கள் ஊர்ப் பெயரில் உள்ள 'அள்ளி'க்கும் பொருள் சொல்லுங்கள்.
— வாசகி, மாரண்டஅள்ளி

பதில்: கெம்பு என்பது கன்னடத்தில் சிவப்பு. ஆகவே கெம்பம்மாள் என்றால் செந்நிறத்தாள், செம்மையானவள். சிவந்த கல்லுக்குக் கெம்பு என்று பெயர் சொல்லி நகைக்கடையில் கெம்பு அட்டிகை, கெம்புத் தோடு என்று நாம் வாங்குகிறோமே, அது இந்தச் சொல்தான். 1537இல் பெங்களூரு நகரத்தை நிறுவியதாகச் சொல்லப்படும் கெம்பே கவுடாவின் பெயரிலும் இதே சிவப்புதான் இருக்கிறது.

இது தமிழா கன்னடமா என்று பிரிப்பதற்கு முன் ஓர் ஒலி மாற்றத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. இகர, எகரத்துக்கு முன் கன்னடம் ககரத்தை வைத்திருக்கும் பல இடங்களில் தமிழ் சகரத்துக்கு மாறிவிட்டது. நாம் செவி என்பதை அவர்கள் கிவி என்கிறார்கள். நமது சிறு அவர்களுக்குக் கிறு. நாம் சேரல் என்றது பிற இடங்களில் கேரள என்று நின்றது. அவ்வாறே செம்மை, செம்பு என்று நாம் சொல்லும் வேரிலிருந்துதான் அவர்களுடைய கெம்பு கிளைத்தது. எனவே உங்கள் பாட்டி கெம்பம்மாளும் இன்னொரு தெருவில் இருக்கக்கூடிய செம்பாயியும் ஒரே பெயரைச் சுமக்கிறார்கள். மொழி வேறு, வேர் ஒன்று.

அள்ளிக்கு வருவோம். ஊர், குடியிருப்பு என்னும் பொருளில் தமிழில் பள்ளி என்ற பழஞ்சொல் உண்டு. பழைய கன்னடத்திலும் அது பள்ளியாகவே இருந்தது. பிற்காலக் கன்னடத்தில் சொல்லின் முதலில் வரும் பகரம் ஹகரமாக மாறியது. பால் ஹாலு ஆயிற்று, பல் ஹல்லு ஆயிற்று, பத்து ஹத்து ஆயிற்று, பூ ஹூவு ஆயிற்று, புலி ஹுலி ஆயிற்று. பள்ளி ஹள்ளி ஆயிற்று. அந்த ஹள்ளி நம் பக்கம் வந்தபோது தமிழ் நாக்கு ஹகரத்தை உதிர்த்துவிட்டு அள்ளி என்று வைத்துக்கொண்டது. புகையைக் கன்னடம் ஹொகெ என்கிறது. அருவி விழும் இடத்தில் நீர்த்திவலை புகை போல எழுவதால் ஹொகெ-கல் என்று பெயர் வைத்தார்கள். நமக்கு அது ஒகேனக்கல். புது என்பது அவர்களிடம் ஹொச. ஹொச ஊரு நமக்கு ஓசூர், அதாவது புத்தூர். உங்களுக்கு அருகிலேயே நல்லம்பள்ளி இருக்கிறது, கிருஷ்ணகிரிப் பக்கம் போச்சம்பள்ளி, வேப்பனப்பள்ளி இருக்கின்றன. பகரத்தை விடாத ஊர்களும் விட்ட ஊர்களும் ஒரே பேருந்துத் தடத்தில் மாறி மாறி வருவதைப் போல ஒரு மொழி வரலாற்றுப் பாடம் வேறெங்கே கிடைக்கும்?

'பெயர்' என்ற சொல்லே இந்த வழியில் போயிருக்கிறது. பழங்கன்னடத்தில் பெசர், இன்றைய கன்னடத்தில் ஹெசரு, தெலுங்கில் பேரு.

கேள்வி: திப்பு என்றால் கன்னடத்தில் புலி என்று பள்ளி நாள்களிலிருந்து கேட்டு வருகிறேன். என் பேரனுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறோம். அது சரியான பொருள்தானா?
— ஓய்வு பெற்ற ஓட்டுநர், ஓசூர்

பதில்: இல்லை ஐயா. மேலே சொன்னபடி புலிக்குக் கன்னடச் சொல் ஹுலி. திப்பு சுல்தான் புலியைத் தம் சின்னமாகக் கொண்டிருந்ததால், பெயருக்கும் அதுவே பொருள் என்று பின்னர் எண்ணிக்கொண்டார்கள். உண்மையில் ஆற்காட்டில் அடக்கமாகியுள்ள திப்பு மஸ்தான் அவுலியா என்னும் இறைநேசரின் பெயரையே அவருக்கு இட்டார்கள். நாகூர் ஆண்டவரை நினைத்து நாகூர் மீரான் என்றும் நாகூர் கனி என்றும் பெயரிடும் வழக்கம் போன்றதே அது. உங்கள் பேரனிடம், அவன் பெயரில் ஓர் அரசர் மட்டுமல்லர், அவருக்கும் முன்னால் தமிழ் மண்ணில் வாழ்ந்த ஒரு ஞானியும் இருக்கிறார் என்று சொல்லலாம்.

கேள்வி: எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு வேடியப்பன் இருப்பார். 'வேட்டையாடித் திரிந்த கூட்டத்தின் பெயர்' என்று வெளியூர்க்காரர் ஒருவர் இளக்காரமாகச் சொன்னார். பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன்.
— விவசாயி, ஊத்தங்கரை வட்டம்

பதில்: அடுத்த முறை பதில் சொல்லும்படியாக எழுதுகிறேன். வேடியப்பன் உங்கள் வட்டாரத்தின் காவல் தெய்வம். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளுக்கு வெளியே இந்தப் பெயரைக் காண்பது அரிது. ஏரிக்கரையிலோ புளியமரத்தடியிலோ இருக்கும் வேடியப்பன் கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் ஒரு பலகைக் கல். அதில் ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளோ அம்போ ஏந்திய ஒரு வீரன் செதுக்கப்பட்டிருப்பான். சில கற்களில் தலைக்கு மேல் வட்டெழுத்தில் சில வரிகள் இருக்கும். அதுதான் நடுகல்.

அந்தக் காலத்தில் செல்வம் என்றால் மாடு. ஊர் மாட்டு மந்தைக்குத் தொறு என்று பெயர். பகைவர் தொறுவை ஓட்டிச் செல்லும்போது அதை மீட்கப் போய் மாண்டவனுக்கு ஊரார் கல் நட்டார்கள். 'தொறு மீட்டுப் பட்டான் கல்' என்ற பாங்கில் அமைந்த கல்வெட்டுகள், எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், யாருடைய சேவகன், எந்த ஊரில் மாண்டான் என்பதைச் சொல்கின்றன. இவ்வகைக் கற்கள் செங்கம், தருமபுரிப் பகுதிகளில் பல்லவர் காலம் முதலே ஏராளமாகக் கிடைக்கின்றன. தருமபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். எழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்த பிறகு, மாண்டவனின் சொந்தப் பெயர் மறைந்தது. கையில் இருந்த வில்லைப் பார்த்து வேடன் என்று வழங்கத் தொடங்கினார்கள். வேடு, வேட்டை, வேடன் என்னும் சொற்களோடு உறவுடையது வேடி. அதனுடன் அப்பன் சேர்ந்தது, தகப்பனாக எண்ணி வணங்கியதால்.

ஆகவே வேடியப்பன் என்ற பெயரை ஒரு பிள்ளைக்கு இடும்போது, ஊருக்காக உயிர் கொடுத்த, பெயர் மறந்துபோன ஒரு மனிதனின் இடத்தில் அந்தப் பிள்ளையை நிறுத்துகிறீர்கள். தமிழ்நாட்டில் நன்றியையே பொருளாகக் கொண்ட பெயர்களைக் கணக்கெடுத்தால் இதை முதலில் வைப்பேன். அதியமானுக்கும் நடுகல்தான் மிஞ்சியது. மயிற்பீலி சூட்டிய அந்தக் கல்லுக்குச் சிறு கலத்தில் கள்ளை வார்க்கிறார்கள், நாடு முழுவதையும் கொடுத்தாலும் வாங்காத அவன் இதை ஏற்பானோ என்று ஔவையார் கலங்கி நிற்பதைப் புறநானூற்றின் 232ஆம் பாட்டில் காணலாம். நீங்கள் வேடியப்பனுக்குப் பொங்கல் வைக்கும் நாளில் அந்தப் பாட்டை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: எண் கணிதப்படி மகளின் பெயரில் ஆங்கில எழுத்து ஒன்றைக் கூட்டினால் படிப்பு வரும் என்கிறார்கள். செய்யலாமா?
— வாசகர், காரிமங்கலம்

பதில்: வேண்டாம். பெயர் காதால் கேட்கப்படுவது. ஆங்கில எழுத்துகளின் எண்ணிக்கைக்கும் அதன் பொருளுக்கும் தொடர்பில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும் இருக்கும் பெயரைச் சரிசெய்யப் பிற்காலத்தில் அந்தப் பெண்தான் அலையவேண்டியிருக்கும்.

கேள்வி: அதியமான் என்ற பெயரில் 'மான்' என்பது விலங்கைக் குறிக்கிறதா என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். சேரமான், மலையமான் ஆகியவற்றிலும் வருகிறதே?
— தமிழாசிரியை, பென்னாகரம்

பதில்: அந்த மாணவியை நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள். இந்த ஒரு கேள்விக்குள் இந்திய வரலாற்றின் ஒரு பெரிய புதிரே அடங்கியிருந்தது.

இங்கே மான் என்பது மகன் என்பதன் சுருக்கம். பெருமகன் பெருமான் ஆனதையும், கோமகன் கோமான் ஆனதையும் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்காட்டலாம். மருமகனை மருமான் என்று அழைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அவ்வாறே சேரர் மகன் சேரமான், அதியர் மகன் அதியமான். நெடுமான் என்பதும் நெடுமகன், அதாவது உயர்ந்தோன்.

இனிப் புதிருக்கு வருகிறேன். கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, அவருடைய ஆட்சிக்கு உட்படாத தென்னாட்டு அரசுகளாகச் சோழர், பாண்டியர், சதியபுதோ, கேதலபுதோ என்று வரிசைப்படுத்துகிறது. கேதலபுதோ சேரர் என்பது தெளிவு. சதியபுதோ யார் என்பதில் அறிஞர்கள் நெடுங்காலம் மாறுபட்டு நின்றார்கள். அதியமானாக இருக்கலாம் என்று சிலர் சொல்லியும் உறுதியான சான்று இல்லாமல் இருந்தது. 1981இல் திருக்கோவலூருக்கு அருகே ஜம்பை என்னும் ஊரின் குன்றில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு வரி கண்டுபிடிக்கப்பட்டது: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி.' பாளி என்பது துறவியர் தங்கும் குகைப் படுக்கை. சதியபுதோ ஆகிய அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி என்று கல்லே சொல்லிவிட்டது. அதியன் கோவலூரை வென்றதைப் புறநானூற்றின் 99ஆம் பாட்டு சொல்கிறது. கல்வெட்டும் கோவலூர்ப் பக்கத்திலேயே கிடைத்திருக்கிறது.

இப்போது உங்கள் மாணவியின் கேள்வியை மறுபடி பாருங்கள். அசோகர் கல்வெட்டின் மொழியான பிராகிருதத்தில் புதோ என்றால் மகன். தமிழில் மான் என்றால் மகன். அதியமான் என்ற தமிழ்ப் பெயரின் பின்பாதியை வடக்கே அப்படியே பொருள்பெயர்த்து புதோ என்று எழுதியிருக்கிறார்கள். சேரமானும் அவ்வாறே கேதலபுதோ ஆனார். மான் என்பதை விலங்கு என்று எண்ணியிருந்தால் இந்தக் கதவு திறந்திருக்காது.

ஔவை என்பதையும் சேர்த்துக் கற்பியுங்கள். அது தனிப்பட்ட ஒருவரின் பெயராக இருப்பதைவிட, தாய், மூதாட்டி, தவப்பெண் என்னும் பொருளுடைய மதிப்புச் சொல்லாகவே தெரிகிறது. தெலுங்கில் பாட்டியை அவ்வ என்பார்கள். கன்னடத்தில் தாயை அவ்வ என்பார்கள். என் தாயைப் பெற்றவளை நாங்கள் 'அவ்வா' என்று அழைத்துத்தான் வளர்ந்தோம். உங்கள் வகுப்பிலும் அப்படி அழைக்கும் பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். அவர்களிடம் ஔவையாரின் பெயருக்கு விளக்கம் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: ராஜாஜி என்பது முழுப் பெயரா?
— எட்டாம் வகுப்பு மாணவர், சூளகிரி

பதில்: அன்பால் சுருக்கப்பட்ட பெயர். ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10ஆம் நாள் பிறந்த சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியாரின் பெயரில் முதற்பகுதியை எடுத்து, வடநாட்டு மரியாதைச் சொல்லான 'ஜி'யைச் சேர்த்தார்கள். அவருடைய ஊர்ப் பெயரிலும் பள்ளி இருப்பதைக் கவனித்தாயா?

கேள்வி: என் தாத்தா குப்பன், அவருடைய தங்கை பிச்சையம்மாள். திருமண அழைப்பிதழில் போட என் மகள் கூச்சப்படுகிறாள். ஏன் இப்படி வைத்தார்கள்?
— வாசகர், அரூர்

பதில்: பிறந்த பிள்ளைகள் தொடர்ந்து இறந்துபோன வீடுகளில் அடுத்த பிள்ளைக்கு இத்தகைய பெயர்களை வைத்தார்கள். அம்மை நோயும் வயிற்றுப்போக்கும் தொட்டில் தொட்டிலாக வெறுமையாக்கிய காலம் அது. அழகான பெயரும் ஆசையான கொஞ்சலும் எமன் கண்ணில் படும் என்று பயந்தார்கள். ஆகவே பிறந்த குழந்தையைக் குப்பை மேட்டில் ஒரு நொடி கிடத்தி, இது எங்களுக்கு வேண்டாத பொருள் என்று காட்டிவிட்டு எடுத்து வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, ஒரு முறம் தவிட்டுக்கு விலை பேசித் திரும்ப வாங்குவார்கள். 'தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை' என்ற பேச்சு அதிலிருந்து வந்தது. தெய்வத்திடம் மடிப்பிச்சை கேட்டுப் பெற்ற பிள்ளை பிச்சை ஆயிற்று.

இது தமிழர் மட்டும் செய்ததன்று. கன்னடத்தில் குப்பை மேட்டுக்குத் திப்பெ என்று பெயர். திப்பையா, திப்பம்மா என்ற பெயர்கள் அங்கே உண்டு. தெலுங்கில் பெண்ட என்றால் குப்பை, சாணக் குவியல். பெண்டய்யா என்று பெயர் வைத்தார்கள். மூன்று மொழித் தாய்மாரும் எமனை ஏமாற்ற ஒரே வழியைத்தான் கண்டார்கள்.

குப்பன் என்ற பெயருக்கு நேர்ப்பொருள் குப்பை. உட்பொருள் 'எப்படியாவது நீ பிழைத்திரு' என்பது. உங்கள் தாத்தா பிழைத்ததால்தான் உங்கள் மகளுக்கு இன்று திருமணம் நடக்கிறது. அழைப்பிதழில் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கேள்வி: என் பெயர் போதும்பொண்ணு. நான் நான்காவது பெண். எனக்குப் பிறகு தம்பி பிறந்தான். தொழிற்சாலையில் வருகைப் பதிவுக்குப் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் யாராவது சிரிக்கிறார்கள். போன மாதம் என் ஏழு வயது மகள், 'அம்மா, எது போதும்?' என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பெயருக்கு வேறு நல்ல பொருள் ஏதாவது இருக்கிறதா?
— வாசகி, தேன்கனிக்கோட்டை வட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இல்லாத பொருளைச் சர்க்கரை தடவிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பெயர் உங்களைப் பார்த்துச் சொன்னதன்று. தெய்வத்திடம் சொன்ன வேண்டுகோள். பெண் பிள்ளைகள் போதும், அடுத்தது ஆணாகட்டும் என்பது அதன் கருத்து. போதுமணி, வேண்டாம் என்ற பெயர்களும் இவ்வகையே. ஆனால் தெய்வத்திடம் சொன்னதை உங்கள் மீது எழுதிவிட்டார்கள். நீங்கள் அதை வாழ்நாள் முழுவதும் சுமக்கிறீர்கள்.

இதற்கு முந்தைய பதிலில் குப்பன் என்ற பெயரை மாற்ற வேண்டாத பெருமையாகச் சொன்னேன். இரண்டும் கேட்பதற்கு ஒன்று போலத் தோன்றலாம், உள்ளே எதிரெதிரானவை. குப்பன் என்று பெயரிட்டவர்கள் வேண்டாம் என்று வாயால் சொல்லி, வேண்டும் என்று மனத்தால் இறைஞ்சினார்கள். போதும் என்று பெயரிட்டவர்கள் சொன்னதையே எண்ணினார்கள். அந்த எண்ணம் நம் மாவட்டங்களில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாம் மறைக்கக் கூடாது. பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிவாக்கும் நிலை வந்தது. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரியோடுதான் இருந்தது. தனி மாவட்டமானது 2004இல். உங்கள் பெற்றோர் உங்களை வளர்த்தார்கள், படிக்க வைத்தார்கள் என்று கடிதத்தின் பின்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் மீது கோபமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோபமில்லாமலேயே பெயரை மாற்றலாம். அது அவர்களை மறுப்பதாகாது.

மாற்றவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மாற்றக் கூடாது என்று எவரும் சொல்ல இடம் கொடுக்கவும் மாட்டேன். நஞ்சப்பனிடம் மாற்றாதே என்றவன் உங்களிடம் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், அவர் பெயரில் அவருக்கு வாழ்த்து இருக்கிறது, உங்கள் பெயரில் உங்களுக்கு வாழ்த்து இல்லை. பதினெட்டு வயது நிறைந்தவர்கள் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு உரிய சான்றுகளோடு விண்ணப்பித்தால் பெயர் மாற்றம் தமிழ்நாடு அரசிதழில் வெளியாகும். அதைக் காட்டி வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு, ஆதார் ஆகியவற்றில் திருத்திக்கொள்ளலாம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறை மட்டுமே திருத்த முடியும். எனவே எழுத்துப் பிழையில்லாமல் முதல் முறையிலேயே செய்யுங்கள்.

புதுப் பெயர் ஒன்றையும் கேட்டிருக்கிறீர்கள். நான் தேர்ந்தெடுக்கமாட்டேன். உங்கள் மகளோடு உட்கார்ந்து பேசுங்கள். எது போதும் என்று கேட்டவள் அவள்தானே. அம்மாவுக்கு ஒரு பெயர் வைக்கும் உரிமை அவளுக்கு இருக்கட்டும். வைத்த பிறகு எனக்கு எழுதுங்கள், பொருளைத் தேடித் தருகிறேன்.

கேள்வி: மகன் வயிற்றுப் பேரனுக்கு என் பெயரையே, அதாவது மாதையன் என்று வைக்க என் மகன் விரும்புகிறான். மருமகளுக்குப் புதுப் பெயர் வேண்டும். ஏழு மாதமாகக் குழந்தையைத் 'தங்கம்' என்றே கூப்பிடுகிறோம். மாதையன் என்பதற்குப் பொருள் என்ன? தாத்தா பெயரை வைப்பது எப்போதிருந்து வந்த வழக்கம்?
— வாசகர், பாப்பாரப்பட்டி

பதில்: மாதேஸ்வரன் மலையில் வீற்றிருப்பவரின் பெயர்தான் உங்கள் பெயர். அந்த மலை இன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருந்தாலும், எல்லைக்கு இப்பால் உள்ள தருமபுரி, சேலம், ஈரோடு மாவட்டத்து மக்களுக்கு அவர் அயலவர் அல்லர். அங்கே அடியார்கள் 'உகே உகே மாதப்பா' என்று முழங்கிக்கொண்டு மலையேறுவார்கள். மகாதேவன் என்னும் பெயரே மாதேவன் என்று சுருங்கி, மாதப்பன், மாதையன், மாதன், மாதம்மாள் என்று கிளைத்திருக்கிறது.

தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்துக்குச் சான்று வேண்டுமானால், பேரன் என்ற சொல்லையே உடைத்துப் பாருங்கள். அது பெயரன், அதாவது பெயரைத் தாங்குபவன். ஐங்குறுநூற்றின் 403ஆம் பாட்டில், சிறுதேரை உருட்டிக்கொண்டு தளர்நடை நடந்து வரும் புதல்வனை அவன் தகப்பன் பார்த்து மகிழ்கிறான். அந்தக் குழந்தையை 'தந்தை பெயரன்' என்று பாட்டு குறிக்கிறது. தன் தந்தையின் பெயர் சூடிய பிள்ளை என்பது பொருள். தந்தையின் பெயர் மகனைத் தாண்டி மகனின் மகனிடம் போய்ச் சேர்வதைச் சங்க காலத்திலேயே ஒரு சொல்லாக்கி வைத்துவிட்டார்கள்.

உங்கள் மருமகளின் விருப்பத்தையும் தள்ளாதீர்கள். பத்து மாதம் சுமந்தவள் ஒரு பெயரை மனத்தில் வைத்திருப்பாள். சங்கப் பாட்டும் குழந்தைக்கு ஒரே பெயர்தான் என்று விதிக்கவில்லை. பதிவேட்டுக்கு அவள் விரும்பும் பெயரும், வீட்டில் அழைக்க உங்கள் பெயரும் என்று உங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒத்துக்கொள்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பதிவதும் உண்டு. பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் குழந்தையின் பெயரைக் கட்டணமில்லாமல் பதிவேட்டில் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். உங்கள் பெயரனுக்கு ஏழு மாதம்தான் ஆகிறது. மூவரும் பேசி முடிவெடுக்க இன்னும் நாள் இருக்கிறது.